கண்காணியும் கங்காணியும்: தோட்டத் தமிழ்க் கிறித்துவரின் விவிலிய வாசிப்பு

மலேசியத் தமிழ்க் கிறித்துவர் பற்றிய வரலாற்று எழுத்துகள் பெரும்பாலும் ஆலயம் எழுப்பப்பட்ட ஆண்டு, குருமார்களின் பெயர், பள்ளிகளின் தோற்றம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அவ்வாலயங்களில் முழந்தாளிட்டவர்கள் தாம் கேட்ட மறைநூற் சொற்களுக்கு என்ன பொருள் கொண்டனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆவணங்களில் விடை கிடைக்காத வினா என்பதே அதற்குக் காரணமாகலாம். எனினும் மொழிபெயர்ப்புகள் நம்மிடம் உள்ளன; தோட்ட வாழ்வின் சொற்களும் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சில செய்திகள் புலப்படுகின்றன. அவற்றுள் ஒரு சொல்லைப் பற்றியது இக்கட்டுரை.

சிரம்பானிலிருந்து செமினி வழியாகக் கோலாலம்பூர் செல்லும் பழைய சாலையில் மலையிறக்கத்தில் அமைந்த சிற்றூர் மந்தின். ஈயம் தோண்ட வந்த ஹக்கா சீனர்களால் வளர்ந்த ஊர் இது. அங்குள்ள புனித அலோசியஸ் ஆலயம் நூறாண்டைக் கடந்தது. அதன் தொடக்கமும் ஹக்கா கத்தோலிக்கரோடு தொடர்புடையது. ஈயத்திற்குப் பின் ரப்பர் வந்தது. ரப்பரோடு தமிழர் வந்தனர். மந்தின், லாபு, நீலாய் வட்டாரத் தோட்ட லயங்களில் மாரியம்மன் கோயிலுக்கு வரி செலுத்தும் குடும்பங்களுக்கு நடுவே மாதா படம் மாட்டிய வீடுகளும், சிலுவை மட்டும் மாட்டிய வீடுகளும் இருந்தன.

இவ்விருவகை வீடுகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு நம் பொருளுக்கு இன்றியமையாதது. தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து வந்த கத்தோலிக்கர் 'சுவாமியார்' வரும் நாளில் பூசை கண்டனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-1965) கூடும் வரை அப்பூசை இலத்தீனிலேயே நிகழ்ந்தது. ஹக்கா பேசுபவருக்கும் தமிழ் பேசுபவருக்கும் அது சமமாகவே விளங்கவில்லை என்பது ஒருவகைச் சமத்துவம்தான். அவர்களது தமிழ்ச் சமயமொழி செபமாலையிலும் மன்றாட்டுகளிலும் வாழ்ந்தது. விவிலியத்தை நூலாகக் கையிலேந்திப் படித்தவர்கள் சீர்திருத்தச் சபையினர். திருநெல்வேலிப் பகுதி ஆங்கிலிக்கரும், மெதடிஸ்ட் சபையாரும், தரங்கம்பாடி மரபில் வந்த லூத்தரன்களும் இப்பிரிவில் அடங்குவர். மூன்றாமவர் 1924இல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் சீயோன் ஆலயத்தை நிறுவினர். மாலையில் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி அமர்ந்து, எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பதே இவர்களது வழக்கம். ஆகவே வாசிப்பு என்று இங்குக் கூறுவது பெரும்பாலும் செவி வழி நிகழ்ந்தது.

அவர்கள் கேட்ட தமிழ் எது? சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714இல் தொடங்கி அச்சிட்ட புதிய ஏற்பாட்டிலிருந்து தமிழ் விவிலியம் பலமுறை திருத்தப்பட்டது. இறைவனைச் சுட்டும் சொல்லே பலமுறை மாறிற்று. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தன் பெயரிலேயே ஒரு சொல்லைத் தாங்கியிருந்தது. சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு ஆறுமுக நாவலர் பணிபுரிந்து 1850இல் வெளிவந்த பதிப்பும், ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமை பெற்ற ஐக்கியத் திருப்புதலும் 'தேவன்' என்றன. இச்சொல்லை முன்னிட்டுச் சபைகள் தலைமுறை தலைமுறையாக வாதிட்டன. லூத்தரன்கள் பப்ரிசியுஸின் மொழியை எளிதில் கைவிட மறுத்தனர். ஆனால் மலாயாத் தோட்டத்தில் செவியை உறுத்தியிருக்கக்கூடிய சொல் இவ்வாதங்களின் நடுவே அவ்வளவு கவனம் பெறாத ஒன்று.

கிரேக்க மூலத்தில் சபையின் பொறுப்பாளரைக் குறிக்கும் 'எபிஸ்கோபோஸ்' என்னும் சொல்லுக்கு மேலிருந்து பார்ப்பவர் என்பது பொருள். ஐக்கியத் திருப்புதல் அதனைக் 'கண்காணி' எனப் பெயர்த்தது. எபேசு சபை மூப்பர்களுக்குப் பவுல் கூறும் பிரியாவிடையிலும், பிலிப்பியருக்கு எழுதிய மடலின் முகப்பிலும் இச்சொல் வருகிறது. பேதுருவின் முதல் மடல் இரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் இயேசுவே ஆத்துமாக்களின் மேய்ப்பர் என்றும் கண்காணி என்றும் அழைக்கப்படுகிறார்.

மொழிபெயர்ப்பு என்ற அளவில் இதில் குறைகாண இடமில்லை. கண்ணால் காணுபவன் கண்காணி; மூலச்சொல்லின் உறுப்புகளுக்கும் இது பொருந்துகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்ப்போர் இச்சொல்லால் சுட்டப்பெறுகின்றனர். திருமூலர் திருமந்திரத்தில் எங்கும் நிறைந்து உயிர்களின் செயலைக் காணும் இறைவனையே கண்காணி என்கிறார். கோயில் நிருவாகத்திலும் சைவ மெய்யுணர்விலும் வேரூன்றிய சொல்லை ஒரு குழு தேர்ந்தெடுத்தது என்பது பாராட்டுக்குரியதே. நூல் கப்பலேறி மலாயா வந்தபோது அதே சொல் வேறொரு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தது.

'கங்காணி' என்பது 'கண்காணி' என்பதன் பேச்சு வடிவமே. 19ஆம் நூற்றாண்டின் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் வழங்கிய முறை மலாயாவில் ரப்பரோடு பெருகிற்று. தோட்ட நிருவாகம் தன் ஆட்களுள் ஒருவனை உரிமச்சீட்டோடு அவனது சொந்த ஊருக்கே அனுப்பும். அவன் தன் உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவான். ஆளுக்கு இவ்வளவு என்று தரகு கிடைக்கும். அழைத்து வந்தவர்கள் பெரட்டில் நின்று வேலைக்குச் சென்ற நாளுக்கெல்லாம் தலைக்காசும் கிடைக்கும். ஆள் படுத்துவிட்டால் கங்காணியின் வருவாயும் படுத்துவிடும். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டு, முதலாளிகளிடமிருந்து திரட்டிய வரியால் பயணச் செலவு ஈடுசெய்யப்பட்டது. 1938இல் இந்திய அரசு, உதவிபெற்று உடலுழைப்புக்குச் செல்லும் குடியேற்றத்தைத் தடை செய்ததோடு இம்முறையிலான ஆள்திரட்டல் முடிவுற்றது. ஆயினும் கங்காணி என்னும் மேலாள் தோட்டத்தில் நீடித்தான். அச்சொல் இன்னும் நீண்டு வாழ்ந்தது.

கங்காணியைக் கொடியவன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் வரலாறாகாது. அவன் கடன் கொடுத்தான், அக்கடனால் கட்டிப்போட்டான். துரையிடம் பேச வாயற்றவர்களுக்காகப் பேசினான். துரையின் வாயாகவும் இருந்தான். திருமணத்திற்கும் சாவுக்கும் முன்னின்றான். லயத்தில் ஒரு குடும்பத்தின் சாதி எது, ஊர் எது என்பதை அறிந்தவனும், அதனைக் கொண்டு ஆட்களைப் பிரித்து நிறுத்தியவனும் அவனே.

இக்கட்டுரையாளர் இளமையில் மந்தினை அடுத்த தோட்டமொன்றில் கேட்ட ஒரு கேள்வியை இங்குப் பதிவு செய்தல் பொருந்தும். ஞாயிறு மாலை லயத்து வீடொன்றில் உபதேசியார் பேதுருவின் மடலை வாசித்தார். ஒட்டுப்பால் பொறுக்கிப் பொறுக்கி விரல் கறுத்துப்போன ஒரு மூதாட்டி, "இயேசு சாமியையும் கங்காணியாக்கிட்டீங்களா ஐயா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. உபதேசியார் சிறிது நேரம் பேசாதிருந்து, அது வேறு, இது வேறு என்றார். எவ்வாறு வேறு என்பதை அவர் விளக்கவில்லை. அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். சிறுவனாயிருந்த எனக்கு அன்று அது ஒரு வேடிக்கையாகவே தோன்றியது. மொழிபெயர்ப்பு வரலாற்றைப் பயின்ற பின்னரே அம்மூதாட்டி கேட்டது விவிலிய விளக்கவியலின் மையக் கேள்வி என்பது விளங்கிற்று.

அவர் அறியாமையால் கேட்டார் என்று கொள்வதற்கில்லை. ஐக்கியத் திருப்புதல் மேற்பார்வையாளனுக்கு இரு முகங்களைத் தருகிறது. யாத்திராகமத்தில் பார்வோனுக்காக வேலை வாங்குபவர்களை அது 'ஆளோட்டிகள்' என்கிறது. மாட்டை ஓட்டுவதுபோல் ஆளை ஓட்டுபவன். இதைவிடக் கூர்மையான சொல்லைத் தமிழில் காண்பது அரிது. எகிப்தில் ஆளோட்டி, சபையில் கண்காணி எனச் சொற்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. தோட்டத்திலோ இருவரும் ஒருவரே. காலையில் ஆளோட்டியாக இருந்தவனே மாலையில் கண்காணி என்ற பெயரோடு திண்ணையில் அமர்ந்திருந்தான். நூலின் சொற்பிரிவினை வாழ்வில் செல்லுபடியாகாதபோது கேட்பவர் மனம் எதை நம்பும்?

யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரம் இதைவிட நுட்பமானது. அங்கு ஆளோட்டிகளுக்குக் கீழே இஸ்ரவேலருள்ளேயே நியமிக்கப்பட்ட தலைவர்கள் இருக்கின்றனர். வைக்கோல் நிறுத்தப்பட்டும் செங்கல் கணக்குக் குறைக்கப்படாதபோது அடிபடுபவர்கள் அவர்களே. தம் மக்களிடம் வேலை வாங்கவும், மேலிடத்தில் அடிவாங்கவும் வைக்கப்பட்ட இடைநிலையாளர் அவர்கள். கங்காணியின் உண்மையான விவிலிய உருவம் இங்குத்தான் கிடைக்கிறது என்பது என் கருத்து. இப்பகுதியைக் கொண்டு கங்காணியைப் பற்றிப் பிரசங்கித்திருந்தால் லயத்து மக்கள் நிமிர்ந்து கேட்டிருப்பர். கிராணியும் கங்காணியும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆலயத்தில் அது எளிதன்று.

கண்காணியின் மறுபுறம் 'கூலியாள்'. யோவான் பத்தாம் அதிகாரத்தில், ஓநாய் வரும்போது ஆடுகளை விட்டோடுபவனுக்கு ஐக்கியத் திருப்புதல் இட்ட பெயர் இதுவே. நாடு முழுவதும் தம்மை இழித்துரைக்க வழங்கிய சொல், மறைநூலிலும் கோழையைக் குறிப்பதைத் தோட்ட மக்கள் கேட்டனர். ஆயினும் மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் வேறொரு காட்சி. திராட்சத்தோட்டத்துச் சொந்தக்காரர் விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாயும் நேரம் வந்தவனுக்கும் ஒரு பணமே கூலியாகத் தருகிறார். இதில் 'தோட்டம்' என்ற சொல்லே போதும். மலாயாத் தமிழனுக்கு அது மலர்வனமோ கனிவனமோ அன்று, பிழைப்பிடம். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையேல் கூலி இல்லை என்றிருந்த இடம். 1920களின் இறுதியில் இந்தியக் குடியேற்றக் குழு சில மாவட்டங்களுக்கு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். எவரும் எங்களை வேலைக்கு அழைக்கவில்லை என்னும் உவமைத் தொழிலாளரின் மறுமொழி அவர்களுக்கு உவமையாக இருந்திருக்க முடியாது. நூலறிஞர் இவ்வுவமையில் யூதருக்கும் பிற இனத்தாருக்கும் உள்ள முறைமையைக் காண்பர். அதுவும் ஏற்கத்தக்கதே. வேலையில்லா நாளிலும் வயிறு உண்டு என்பதை உணர்ந்த முதலாளியொருவனைப் பற்றிய கதை அது என்று படிப்பதற்கு நூலறிவு தேவையில்லை.

1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. தேவன் கடவுளானார், கிருபை அருளாயிற்று, விசுவாசம் நம்பிக்கையாயிற்று. 1929இலும் 1954இலும் பெரியார் வந்துசென்ற, தமிழர் திருநாள் கொண்டாடிய இந்நாட்டுத் தமிழருக்கு இம்மாற்றம் அயலானதன்று. நம் இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக 1960களில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார் கத்தோலிக்கக் குரு. தமிழின் தொன்மையும் தம் சமயமும் முரண்படாதவை என வாழ்ந்து காட்டியவர். கத்தோலிக்கரும் பிறரும் ஒரே நூலை ஏந்துவது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை.

ஆனால் அப்பதிப்பில் கண்காணி 'கண்காணிப்பாளர்' ஆகிவிட்டார். ஒரு பணம் 'தெனாரியம்' ஆயிற்று; துல்லியம் கூடிற்று, கையிலிருந்த காசு அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. கூலியாள் கூலிக்கு மேய்ப்பவர் ஆனார், இது நன்று. மத்தேயு நற்செய்தியின் ஆண்டவர் கற்பித்த செபத்திலிருந்த 'கடன்' என்னும் சொல் 'குற்றம்' என மாறியது பற்றி எனக்கு முழு உடன்பாடில்லை. பற்றுப் புத்தகத்தில் பெயர் எழுதப்பட்ட மக்கள், கடனை மன்னியும் என்று வேண்டியபோது வேண்டியது பாவமன்னிப்பு மட்டுமன்று. கண்காணிப்பாளர் என்னும் சொல் அலுவலகச் சொல். அதனைக் கேட்டு எந்த மூதாட்டியும் உபதேசியாரை இடைமறிக்கமாட்டார். உறுத்தலை நீக்கியது நன்மையா என்பதில் அறிஞர் வேறுபடலாம். உறுத்தியதனாலேயே அவர் கேட்டார் என்பதை மட்டும் இங்குச் சுட்டலாம்.

மந்தின் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நீலாய்ப் பக்கம் கல்லூரிகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. 1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறக்கப்பட்ட பின் நிலத்தின் விலை மாறிற்று, நிலத்தில் வாழ்ந்தோரின் முகவரியும் மாறிற்று. லயத்து வீடுகளில் கூடிய செபக் குழுக்கள் இன்று அடுக்குமாடிக் கூடங்களில் கூடுகின்றன. அவற்றில் தமிழ் பேசவும் தமிழ் எழுத்தைப் படிக்க இயலாமலும் உள்ள இளையோர் உண்டு. அவர்களுள் சிலர் மலாய் விவிலியத்தைத் திறக்கின்றனர். பேதுருவின் அதே வரியில் இயேசு 'கெம்பாலா' என்றும் 'பெமெலிஹாரா' என்றும் அழைக்கப்படுகிறார். மேய்ப்பர், பேணிக் காப்பவர் என்பன அவற்றின் பொருள். மேற்பார்வை என்ற கருத்தே அங்கு மறைந்து, பேணுதல் என்பது முன்வந்துவிட்டது. எஞ்சிய தோட்டங்களில் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்திருப்போர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். அவர்களை ஊரிலிருந்து திரட்டிக் கொண்டுவருபவருக்கு இப்பொழுது ஏஜென்ட் என்று பெயர்.