கோலாலம்பூர் – சிங்கப்பூர் இரவு இரயில்

கோலாலம்பூர் – சிங்கப்பூர் இரவு இரயிலின் வரலாற்றைக் கூறுவோர் 1910இல் எழுந்த கோலாலம்பூர் நிலையத்தையும் 1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பாகார் நிலையத்தையுமே பெரிதும் பேசுவர். அதனைப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தொடங்குவதே தகும் என்பது நம் கருத்து.

1909இல் இருப்புப்பாதை ஜொகூர் பாருவை எட்டியபின்னும் பயணிகள் நீரிணையைப் படகிலேயே கடந்தனர். 1923 அக்டோபரில்தான் கடற்பாலத்தின் வழியே பயணிகள் வண்டி ஓடலாயிற்று.

அக்காலத்தில் இரயில்வேயின் பணிமுற்றமும் ஊழியர் குடியிருப்புகளும் பிரிக்பீல்ட்ஸில் அமைந்திருந்தன. நிலைய அதிபர், எழுத்தர் பணிகளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர். தண்டவாளத்தைப் பேணியோருள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மிகுதி. ஒரே மொழி பேசிய இரு சாராரை நிருவாகம் மேசைக்கும் பாதைக்குமாகப் பிரித்து வைத்ததை மறைத்தற்கில்லை. மேசையில் இருந்தோரின் பெயர்கள் ஏடுகளில் ஓரளவு உள. பாதையில் உழைத்தோரின் வரலாற்றை அவர்தம் பிள்ளைகளிடமே கேட்டறிதல் வேண்டும். அப்பணிமுற்றம் இருந்த இடத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. குடும்பங்கள் பலவும் இடம்பெயர்ந்துவிட்டன.

1965இல் சிங்கப்பூர் தனிநாடானபின் உறவினர் வீட்டுப் பயணம் அயல்நாட்டுப் பயணமாயிற்று. வண்டியோ தொடர்ந்து ஓடியது. 2011 சூன் 30ஆம் நாள் இரவு தஞ்சோங் பாகாரிலிருந்து புறப்பட்ட இறுதி வண்டியை ஜொகூர் சுல்தானே இயக்கினார். உட்லண்ட்ஸ் வரை எஞ்சியிருந்த நேரடிச் சேவையும் 2015இல் முடிவுற, நீரிணையை மட்டும் கடக்கும் குறுந்தொலைவு வண்டி அதன் இடத்தைப் பெற்றது.