கழுத்துக் கட்டியும் ஒரு வரலாற்றுப் பாடமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் தங்கை மகள் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தாள். தைராய்டில் 1.2 சென்டிமீட்டர் கட்டி, 'டைராட்ஸ் 3' என்று எழுதியிருந்தது. "மாமா, மூணுன்னா மூணாவது ஸ்டேஜா?" என்று கேட்கும்போதே குரல் நடுங்கியது. ஊசி போட்டுச் சோதிக்கவே தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வீட்டிலோ, "எதுக்கு வம்பு, ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்" என்கிறார்கள்.

நான் மருத்துவன் அல்ல, வரலாற்று வாத்தியார். ஆனால் அந்த 3 என்ற எண்ணுக்கே ஒரு வரலாறு உண்டு.

கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். தொழிற்சாலைகளில் உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையால் பார்க்கும் கருவியை, 1955-இல் அறுவை செய்து எடுத்த கட்டிகள் மீது வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டி ஒருவிதமாகவும் தசைக்கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. 1958-இல் சகாக்களோடு லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார். வயிற்றுப் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, இருப்பது வெறும் நீர்க்கட்டி என்று இந்தக் கருவி காட்டியது. அவர் பிழைத்தார்.

அதுவரை மருத்துவர்கள் கழுத்தைக் கையால் தடவித்தான் தைராய்டு கட்டியைக் கண்டுபிடித்தார்கள். கருவி நுணுக்கமாக ஆக ஆக, சில மில்லிமீட்டர் கட்டிகூடத் திரையில் தெரிந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 1985-இல் பின்லாந்தில் 101 பேரின் தைராய்டைப் பிரேதப் பரிசோதனையில் மெல்லிசாகச் சீவிப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் புற்றுநோய் இருந்தது. பெரும்பாலும் கடுகளவு. அதாவது, தேடினால் கிடைக்கும். கிடைப்பதெல்லாம் ஆளைக் கொல்லாது.

இதற்குத் தென் கொரியா கொடுத்த விலை பெரிது. 1999-இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் கழுத்தையும் ஸ்கேன் செய்தார்கள். 2011-இல் தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. சாவு விகிதம் மட்டும் மாறவே இல்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 100-க்கு 11 பேருக்குக் கால்சியத்தைச் சீராக வைக்கும் சுரப்பி பாதிக்கப்பட்டது. 2 பேருக்குக் குரல் நாண் செயலிழந்தது. 2014-இல் கொரிய மருத்துவர்கள் சிலரே வெளிப்படையாகக் கடிதம் எழுதி, அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ஸ்கேன் வேண்டாம் என்றார்கள். அதன்பின் அறுவை சிகிச்சைகள் சட்டென்று குறைந்தன.

ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனை 1993-லேயே வேறு வழியில் போனது. 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆபத்துக் குறைந்த புற்றுநோயை உடனே வெட்டாமல், ஸ்கேனில் கண்காணித்தார்கள். பத்து ஆண்டுகளில் 100-க்கு 8 பேருக்குத்தான் கட்டி வளர்ந்தது.

பார்ப்பதை நிறுத்த முடியாது. பார்த்ததை எடைபோடக் கற்க வேண்டியிருந்தது. 2009-இல் சிலி நாட்டு மருத்துவர்கள் 'டைராட்ஸ்' என்ற தரப்படுத்தலை முன்வைத்தார்கள். 2017-இல் அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி அதற்கு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. கேள்விகள் ஐந்து: கட்டி நீரா, திடமா? திரையில் எவ்வளவு கறுப்பு? அகலத்தைவிட உயரம் அதிகமா? விளிம்பு ஒழுங்கா? உள்ளே வெண்புள்ளிகள் உண்டா? மதிப்பெண்களைக் கூட்டினால் 1 முதல் 5 வரை ஒரு வகை கிடைக்கும். 5-ஆம் வகை என்றால் 1 சென்டிமீட்டரிலேயே ஊசிப் பரிசோதனை. அதில் அலட்சியம் கூடாது. 3-ஆம் வகைக்கு 1.5-ஐத் தொட்டால் கண்காணிப்பு, 2.5-ஐத் தொட்டால்தான் ஊசி.

ஆகவே, அவள் ரிப்போர்ட்டில் இருந்த 3 நோயின் ஸ்டேஜ் அல்ல. சந்தேகத்தின் அளவு, அதுவும் லேசான சந்தேகம். டாக்டர் அசட்டையாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்தே சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழ்திக் கொடுத்தேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீட்டில் விவாதம் இன்னும் முடியவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நானும் போகிறேன்.

உங்களில் யார் கையிலாவது இப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால், பயப்படும் முன் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த வகை? எத்தனை சென்டிமீட்டர்?