லயத்து அடுப்பும் பண்டிகைப் பலகாரமும்: மம்பாவ் வட்டாரத் தோட்டங்களின் ஒரு வரலாறு

நெகிரி செம்பிலான் மாநிலத் தலைநகரான சிரம்பானிலிருந்து ராசா வழியாகப் போர்ட்டிக்சன் துறைமுகத்துக்குச் செல்லும் தடத்தில் மம்பாவ் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. 1891ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுங்கை ஊஜோங் இருப்புப்பாதை இவ்வட்டாரத்தின் வழியாகவே கடற்கரையைச் சென்றடைந்தது. ஈயச் சுரங்கங்களின் செல்வத்தால் பெயர்பெற்ற இந்நிலத்தில் முதலில் காப்பியும், 1890களில் காப்பியின் விலை சரிந்த பிறகு ரப்பரும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் செம்பனையும் பயிரிடப்பட்டன. அத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பங்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் ஆக்கிப் படைத்த உணவுகளுக்கென ஒரு வரலாறு உண்டு. தோட்டக் கூலியின் ஏற்ற இறக்கம், மழைக்காலம், கடைக்கடன், அண்டை வீட்டாரின் கைத்துணை ஆகிய நான்கும் சேர்ந்து உருவாக்கிய அந்த மரபு, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வேர்கொண்டிருந்தாலும் மலாயா மண்ணிலேயே தன் முழு உருவத்தை அடைந்தது.

தோட்டங்களின் தொடக்கக் காலத்தில் குடும்பப் பண்டிகை என்பதற்கே இடம் குறைவாக இருந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்படுவதற்கு முன்பே கங்காணி முறை வலுப்பெற்றிருந்தது; அதாவது, தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரே தம் ஊருக்குத் திரும்பிச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டி அழைத்து வரும் முறை அது. 1907இல் ஏற்பட்ட இந்தியக் குடியேற்றக் குழுவின் நிதி கப்பல் செலவை ஏற்றுக்கொண்டதும், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வடஆற்காடு, தென்னாற்காடு மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையினர் வந்து சேர்ந்தனர். எனினும் 1911ஆம் ஆண்டில் மலாயாவின் இந்தியரிடையே ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 300 பெண்களே இருந்தனர். 1931இல் அது ஏறத்தாழ 480ஆக உயர்ந்தது. ஒற்றை ஆண்கள் ஓர் அறையில் நெருக்கியடித்து வாழ்ந்த லயங்கள் குடும்பங்கள் வாழும் லயங்களாக மாறிய இந்த இருபது ஆண்டுகளில்தான் பண்டிகைச் சமையல் ஒரு குடும்ப வழக்கமாகத் தோட்டத்தில் நிலைகொண்டது. வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பே லயம் எனப்படும். ஒரு வீட்டின் தாளிப்பு மணம் அடுத்த பத்து வீடுகளையும் எட்டிவிடும் நெருக்கம் அதற்கு உண்டு.

பொங்கல் தை மாத அறுவடையோடு பிணைந்த திருநாள். நெல் விளையாத தோட்டத்தில், ஆண்டின் பெரும்பகுதியும் நாள்தோறும் பால் தரும் ரப்பர் மரங்களுக்கிடையே, அந்தப் பிணைப்பு தளர்ந்தது. பொங்கல் பானை தொடர்ந்து பொங்கினாலும், ஆண்டின் தலையாய பண்டிகையாகத் தீபாவளியே எழுந்தது. பல மாவட்டத்தாரும் பல சாதியாரும் ஒரே நாளில் வேலை நிறுத்தி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்திக் கொண்டாட அது இடம் தந்தது. குலதெய்வ வழிபாடும் கோயில் கொடையும் அந்தந்த ஊராருக்கு உரியவை என்ற நிலையில், தோட்டத்தார் அனைவருக்கும் பொதுவான நாட்களாகத் தீபாவளியும் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் ஆண்டுத் திருவிழாவும் அமைந்தன.

ஆனால் தீபாவளி வரும் ஐப்பசி மாதம் தோட்டத் தொழிலாளிக்குக் கைகடிக்கும் காலமாகும். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுதி. பட்டை நனைந்தால் பால்வெட்டு நடவாது, வெட்டு நடவாத நாளில் கூலியும் குறையும். செலவு மிகும் மாதத்தில் வரவு சுருங்கிய இந்த முரண்பாட்டைத் தீர்க்க மூன்று வழிகள் உருவாயின. முதலாவது, தோட்ட நிர்வாகம் கொடுத்துப் பின்னர்ச் சம்பளத்தில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளும் தீபாவளி முன்பணம். இரண்டாவது, மளிகைக் கடையின் கடன் கணக்கு. மாவு, சர்க்கரை, எண்ணெய், நெய் எல்லாம் ‘555’ என்ற எண் அச்சிட்ட சிறு கையேட்டில் எழுதப்பட்டு, சம்பள நாளில் தீர்க்கப்பட்டன. மூன்றாவது, பெண்கள் தமக்குள் நடத்திய கூட்டு. மாதந்தோறும் ஆளுக்கு ஒரு தொகை போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் சேமிப்பு முறை அது. பிற்காலத்தில் இத்தகைய நிதிகளைப் பெருமளவில் நடத்திப் பலர் ஏமாற்றியதால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நிதிகளைத் தடைசெய்தது. எனினும் வங்கியின் வாசலை மிதித்திராத பெண்களுக்குப் பண்டிகையைக் கடனில்லாமல் கடக்க உதவிய ஏற்பாடு இந்தக் கூட்டே என்பது மறக்கத்தக்கதன்று.

பலகாரம் செய்யும் வேலை தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கியது. விடியுமுன் பெரட்டுக்களத்தில், அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், கூடி நின்ற பெண்கள், தத்தம் நிரையில் மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்து நிறுவையில் கொடுத்துவிட்டுப் பிற்பகலில் வீடு திரும்பினர். பலகார வேலை அதன் பிறகே, மாலையிலும் இரவிலும், மண்ணெண்ணெய் விளக்கொளியில் நடந்தது. ஒரு வீட்டுப் பெண்ணால் தனியே முடிக்கக்கூடிய வேலையாக அது இருக்கவில்லை. உரலில் மாவு இடிக்க இருவர், சலிக்க ஒருவர், முறுக்கு பிழிய ஒருவர், அடுப்பருகே நின்று எடுக்க ஒருவர் என ஆட்கள் தேவைப்பட்டதால், நான்கைந்து வீட்டார் சேர்ந்து இன்று ஒரு வீட்டுக்கும் நாளை மற்றொரு வீட்டுக்குமாக முறைவைத்துச் செய்தனர். முதிர்ந்த ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்க்கும்போது கிடைத்த விறகு அடுப்பெரிக்க உதவியது. செய்து முடித்தவை பிஸ்கட் தகரங்களில் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டன. பண்டிகை நாள்வரை அவற்றைத் திறக்கப் பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது.

எவற்றை முதலில் செய்வது, எவற்றைக் கடைசியில் செய்வது என்பதற்கும் ஒரு நெறி இருந்தது. நெடுநாள் கெடாத முறுக்கும் ஓமப்பொடியும் கெட்டி உருண்டையும் முதலில் ஆயின. பச்சைப்பயற்றை வறுத்து அரைத்த மாவில் சர்க்கரை கலந்து, சூடான நெய்யை ஊற்றி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிடிக்கும் நெய் உருண்டை அடுத்து வந்தது. அதிரசமே எல்லாவற்றிலும் அரிய கைத்திறனைக் கோரியது. ஊறிய பச்சரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகுமுன் இடித்துச் சலித்து, வெல்லப் பாகை உரிய பதத்தில் இறக்கி மாவோடு கிளறி, ஓரிரு நாள் புளிக்க வைத்து, பிறகு இலையில் தட்டி மெல்லிய தீயில் சுட வேண்டும். பாகு முற்றினால் அதிரசம் கல்லாகும், இளகினால் எண்ணெயில் கரையும். பாகுப் பதம் அறிந்த மூத்த பெண் ஒருவரை லயம் முழுவதும் நம்பியிருந்தது. வெவ்வேறு மாவட்டத்தார் ஒரே அடுப்பைச் சுற்றி அமர்ந்ததால், அவர்களது செய்முறைகளும் ஒன்றோடொன்று கலந்தன. முறுக்கு மாவை நீருக்குப் பதில் தேங்காய்ப்பால் விட்டுப் பிசையும் வழக்கம் மலேசியத் தமிழரிடையே பரவலாக வேரூன்றியதற்கு, தேங்காய் மலிந்த நாட்டின் சமையலோடு கொண்ட நெருக்கம் காரணமாகலாம்.

தீபாவளிக்கு முந்திய நாள் மாலையில் மறைந்த முன்னோருக்குப் படையல் இடுவது மலேசியத் தமிழ் இந்துக் குடும்பங்களில் இன்றும் தவறாத வழக்கம். சோறு, கறி, வடை, பலகாரம் ஆகியவற்றோடு, இறந்தவர் விரும்பிய சுருட்டோ கள்ளோ கூட இலையில் வைக்கப்படும். கடல் கடந்த இடத்தில் புதைக்கப்பட்டோ எரிக்கப்பட்டோ மறைந்தவர்களுக்கு ஊர்க் கோயிலும் குலத்தின் இடுகாடும் எட்டாத நிலையில், அவர்களை நினைவுகூரும் இடமாக வீட்டு இலையே ஆயிற்று. மறுநாள் காலை நல்லெண்ணெய்க் குளியலுக்குப் பின் இட்லியோ தோசையோ ஆட்டுக்கறியோடு உண்ணப்பட்டது. பலர் பணம் சேர்த்து ஓர் ஆட்டை வாங்கி அறுத்து, இறைச்சியைச் சம அளவில் பங்கிட்டு எடுக்கும் கூறு போடும் வழக்கம், ஆண்டில் சில நாட்களே ஆட்டிறைச்சியைக் கண்ட குடும்பங்களுக்கும் அந்த நாளின் விருந்தை உறுதிப்படுத்தியது.

இந்த மரபு இருமுறை கடுமையாகச் சோதிக்கப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பரின் விலை வீழ்ந்தபோது, கூலி வெட்டப்பட்டுப் பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில், அரிசிக்குப் பர்மாவையும் சயாமையும் நம்பியிருந்த நாட்டில் பஞ்சம் பரவியது. தோட்டத்து ஆண்களில் மிகப் பலர் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மரவள்ளிக் கிழங்கே அன்றாட உணவான அக்காலத்தில் அரிசி மாவுப் பலகாரம் எட்டாப் பொருளாயிற்று. அப்போது சிறுவராயிருந்தோர் பின்னாளில் பெற்றோராகித் தத்தம் பிள்ளைகளுக்குத் தகரம் தகரமாகப் பலகாரம் செய்து குவித்ததில் பஞ்சத்தின் நினைவும் கலந்திருந்தது என்று கருதுவது பொருந்தும்.

போருக்குப் பின், 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகிக் கூலிப் பேச்சுகள் ஒழுங்குபெற்ற காலத்தில், எண்ணெயில் பொரித்த பலகாரங்களின் அருகே அடுமனைப் பண்டங்களும் இடம்பெறத் தொடங்கின. கோதுமை மாவு, டின்னில் அடைத்து வந்த நெய், மார்ஜரின் ஆகியவை கடைகளில் எளிதில் கிடைத்தன. அடுப்புப் பெட்டி இல்லாத லயத்தில், மாவு ஊற்றிய பாத்திரத்தின் கீழும் மூடியின் மேலும் தணலை இட்டுக் கேக் சுடப்பட்டது. மலாய்க்காரர்கள் குவே பஹுலு என்னும் முட்டைப் பணியாரத்தைப் பித்தளை அச்சில் சுடும் முறையும் இதுவே. கேக் செய்யும் பழக்கம் துரைமார் பங்களாவின் சமையலறை, கிராணிமார் எனப்பட்ட எழுத்தர்களின் வீடுகள், சிரம்பானில் குடியிருந்த யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பங்கள், சீன, யுரேசிய அண்டை வீட்டார் எனப் பல வாயில்கள் வழியே லயத்தை வந்தடைந்தது. நெய்யும் மாவும் சர்க்கரையும் பிசைந்து வாயில் கரையுமாறு சுட்ட நெய் பிஸ்கட்டும், அன்னாசிப் பழத்தைப் பாகாகக் காய்ச்சி உள்ளே வைத்த அன்னாசி டார்ட்டும் தீபாவளித் தட்டில் முறுக்குக்கு இணையாக அமர்ந்தன. 1970களிலும் அதன் பின்னும் எரிவாயு அடுப்பும் மின்சாரமும் பரவியதும் அடுமனைப் பண்டங்களின் வகைகள் பெருகின.

அச்சு முறுக்கு இந்தக் கலப்பின் மிகத் தெளிவான சான்றாகும். அரிசி மாவு, முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை ஆகியவற்றைக் கரைத்து, பூ வடிவான உலோக அச்சை அதில் தோய்த்துக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கிச் செய்யும் இப்பண்டத்தை மலாய்க்காரர்கள் குவே ரோஸ் என்ற பெயரில் நோன்புப் பெருநாளுக்கும், சீனர்கள் தங்கள் புத்தாண்டுக்கும், தமிழர்கள் தீபாவளிக்கும் செய்கின்றனர். கேரளக் கிறிஸ்தவர்களிடம் அது அச்சப்பமாக விளங்குகிறது. தீபாவளித் தட்டுகள் லயத்திலிருந்து கம்பம் எனப்படும் மலாய்ச் சிற்றூர்களின் வீடுகளுக்கும் சீனர் கடைகளுக்கும் சென்றன; நோன்புப் பெருநாளில் அங்கிருந்து மூங்கிலில் சுட்ட லெமாங் சோறும் இனிப்புப் பணியாரங்களும், சீனப் புத்தாண்டில் ஆரஞ்சுப் பழங்களும் திரும்பி வந்தன. மினாங்கபாவ் வழியினர் வாழும் நெகிரி செம்பிலானில் லெமாங் சிறப்புப் பெற்ற உணவாதலால், அதன் சுவை தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் நாவிலும் பதிந்தது. சிரம்பானின் விசிட்டேஷன் தேவாலயத்தைப் போன்ற கத்தோலிக்க ஆலயங்களைச் சார்ந்திருந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் டிசம்பரில் கேக்கோடு முறுக்கையும் அதிரசத்தையும் செய்து இந்து அயலாருக்கு அனுப்பின. சமயம் வேறானாலும் பலகாரத் தட்டு ஒன்றாகவே இருந்தது.

1980களுக்குப் பின் இவ்வட்டாரத்தின் நிலத்தோற்றமே மாறியது. சிரம்பானின் விரிவாக்கத்தில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாற்றப்பட்டன. 1990களில் உருவாகத் தொடங்கிய சிரம்பான் 2 புறநகரம் அம்மாற்றத்தின் பெரிய எடுத்துக்காட்டு. லயங்கள் இடிந்ததோடு பெரட்டுக்களமும், உரல் கிடந்த முற்றமும், தோட்டத்துக் கோயில் திடலும் பல இடங்களில் மறைந்தன. குடும்பங்கள் தாமான் எனப்படும் வீடமைப்புகளிலும் அடுக்குமாடிகளிலும் சிதறிக் குடியேறின. மாவை ஆலை அரைத்துக் கொடுக்கிறது. முறுக்கைத் தொழில்முறையில் செய்வோர் விற்கின்றனர். தோட்டத்தில் அடுப்பருகே கைத்திறன் கற்ற பெண்களில் பலர் இன்று தீபாவளிக்காலத்தில் முன்பதிவு பெற்றுப் பலகாரம் செய்து கொடுத்து வருமானம் ஈட்டுகின்றனர். அன்று கூலியின்றி ஒருவருக்கொருவர் செய்த உழைப்பு இன்று விலை பெற்றிருப்பது அப்பெண்களுக்குக் கிடைத்த நியாயமான மதிப்பேயாகும். அதே வேளையில், முறைவைத்து உதவிய அந்தக் கூட்டு உழைப்பு மங்கி வருவது சமூகத்துக்கு நேர்ந்த இழப்பு என்பதையும் மறைக்க இயலாது.

மலேசியாவின் தோட்ட வரலாறு பெரும்பாலும் ரப்பர் விலை, கூலி விகிதம், வேலைநிறுத்தம், குடியேற்றச் சட்டம் ஆகியவற்றின் வழியே எழுதப்பட்டுள்ளது. அவை இன்றியமையாதவை, ஆயினும் அந்த வரலாற்றில் பெண்கள் பெரிதும் கூலிப்பட்டியலின் எண்களாகவே தோன்றுகின்றனர். பண்டிகைச் சமையலின் வரலாற்றில் அவர்கள் திட்டமிட்டவர்களாக, சேமித்தவர்களாக, கற்றுக்கொடுத்தவர்களாக, அண்டைச் சமூகங்களோடு உறவை நிலைநாட்டியவர்களாக முன்வருகின்றனர். பிறருக்குச் சொந்தமான மரங்களில் நாள் முழுதும் பால் வெட்டிய கைகள், மாலையில் தமக்கும் தம் அயலாருக்கும் உரிய ஒன்றை ஆக்கின என்பதே இம்மரபின் பெருமை. ஆகவே மம்பாவ், ராசா, ரந்தாவ் வட்டாரங்களில் தோட்ட வாழ்வை நேரில் கண்ட மூத்தோர் உயிரோடிருக்கும் இக்காலத்திலேயே, அவர்களது செய்முறைகளையும், அவை எந்த லயத்தில் யாரிடமிருந்து கற்கப்பட்டன என்பதையும், கூட்டும் கடனும் நடந்த விதத்தையும் தமிழ்ப்பள்ளிகளும் ஆலயக் குழுக்களும் குடும்பங்களும் எழுத்திலும் ஒலியிலும் பதிவுசெய்ய வேண்டும். அளவுகளும் பதங்களும் மட்டுமன்றி அவற்றைச் சூழ்ந்த உழைப்பும் உறவும் அப்பதிவில் இடம்பெற்றால்தான், தோட்டத்தைக் கண்டிராத பேரப்பிள்ளைகள் தாம் உண்ணும் அதிரசத்துக்குப் பின்னே எத்தனை பேரின் கைகள் இருந்தன என்பதை அறிவர்.