வீட்டுக்கு எந்தக் கார் ஜேக் வாங்கலாம்? டன் கணக்கைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள்

ஷோப்பியில் 'கார் ஜேக்' என்று தட்டிப் பாருங்கள். 2 டன், 3 டன், சிவப்பு, நீலம், மின்சாரத்தில் இயங்குவது, பெட்டியோடு வருவது என்று பக்கம் பக்கமாக வந்து நிற்கும். எல்லாவற்றிலும் நான்கரை நட்சத்திரம். எதை வாங்குவது?

வீட்டில் நாம் செய்யப்போகும் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. பஞ்சரான டயரை மாற்றுவது, முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போடுவது, பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான். மற்றதுக்கெல்லாம் ஃபோர்மேன் இருக்கிறார். ஆனால் இந்தச் சின்ன வேலைக்கும் ஒரு டன் இரும்பைத் தரையிலிருந்து தூக்கியாக வேண்டும். பெரோடுவா மைவி, புரோட்டோன் சாகா இரண்டுமே ஏறக்குறைய ஒரு டன் எடை உள்ளவை. அது மேலே விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில், உங்களிடம் ஏற்கெனவே ஒரு ஜேக் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் பூட்டைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கினால், ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் கத்தரி மாதிரி மடங்கிய ஒன்று கிடக்கும். அதுதான் கத்தரி ஜேக். நடுவில் ஒரு நீளத் திருகு, அதைச் சுற்றச் சுற்ற நாலு கைகளும் விரிந்து காரைத் தூக்கும். மெதுவாகத்தான் தூக்கும், கையும் வலிக்கும். ஆனால் எண்ணெய் கிடையாது, ஒழுகாது, சுற்றுவதை நிறுத்தினால் அங்கேயே நிற்கும். இதன் பலவீனம் அடிப்பாகம். உள்ளங்கை அளவுதான் இருக்கும். பக்கவாட்டில் கார் கொஞ்சம் நகர்ந்தாலும் ஜேக் சாய்ந்துவிடும். சாலையோரத்தில் ஒரு டயர் மாற்ற மட்டுமே கம்பெனி அதைக் கொடுக்கிறது. சில புதிய மாடல்களில் ஸ்பேர் டயரே கிடையாது. காற்றடிக்கும் கருவியும் பசை மாதிரி ஒரு போத்தலும் மட்டும்தான். உங்கள் கார் எந்த ரகம் என்று இன்றைக்கே பூட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். பஞ்சரான அன்று தெரிந்துகொள்வது நல்லதல்ல.

இரண்டாவது போத்தல் ஜேக். லாரிக்காரர்களிடமும் தோட்டத்து டிராக்டர் ஷெட்டிலும் பார்த்திருப்பீர்கள். குட்டையாக, கனமாக, போத்தல் போலவே இருக்கும். உள்ளே இருப்பது எண்ணெய். சின்ன பிஸ்டனை நீங்கள் பம்ப் அடித்து அழுத்துகிறீர்கள். அந்த அழுத்தம் எண்ணெய் வழியாகப் போய் பெரிய பிஸ்டனைத் தள்ளுகிறது. பெரிய பிஸ்டனின் பரப்பு 20 மடங்கு என்றால் விசையும் 20 மடங்கு. அதற்கு விலையாக, நீங்கள் 20 செ.மீ. தள்ளினால் அது 1 செ.மீ. மட்டுமே ஏறும். இதைக் கையில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சிறிதாக்கி 1851-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் ரிச்சர்ட் டட்ஜன். அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

போத்தல் ஜேக் மலிவு, பலம் அதிகம். ஆனால் மைவிக்கும் சாகாவுக்கும் இது பெரும்பாலும் ஒத்துவராது. மடங்கிய நிலையிலேயே பல போத்தல் ஜேக்குகள் 15 முதல் 18 செ.மீ. உயரம் இருக்கும். டயர் பஞ்சராகிக் கார் தரையோடு படுத்திருக்கும்போது அதை அடியில் நுழைக்கவே முடியாது. ஹைலக்ஸ் மாதிரி உயரமான வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது சரி. மற்றவர்கள் '10 டன் தூக்கும்' என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மூன்றாவதுதான் வெர்க்‌ஷாப்பில் பார்ப்பது: சக்கரம் வைத்து, நீளக் கைப்பிடியோடு, தரையோடு தரையாக உருண்டு போகும் ட்ரோலி ஜேக். மலாய்க்கார ஃபோர்மேன்கள் இதை 'ஜெக் புவாயா' என்பார்கள், அதாவது முதலை ஜேக். பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று புரியும். வீட்டுக்கு வாங்குவதென்றால் பெரும்பாலானோருக்கு இதுதான் சரியான தேர்வு. அடிப்பாகம் அகலம், வேகமாக ஏறும், மெதுவாக இறக்கவும் முடியும். சிறிய 2 டன் ரகம் பொதுவாக 200 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அதற்குத்தான் தலைப்பிலேயே தரையைப் பற்றிச் சொன்னேன்.

உங்கள் கார் நிற்கும் இடம் எது?

ட்ரோலி ஜேக்கின் கை நேராக மேலே போவதில்லை, வளைவாகப் போகிறது. கார் ஏற ஏற, ஜேக் தானாகவே கொஞ்சம் காருக்கு அடியில் உருண்டு போக வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சக்கரங்கள். சக்கரம் உருள முடியாமல் சிக்கிக்கொண்டால் ஜேக்கின் தலை காரின் அடியைப் பக்கவாட்டில் இழுக்கும். கடைசியில் நழுவும்.

பேராக்கில் வீட்டு வாசல் ஒரே மாதிரியா இருக்கிறது? ஈப்போ மெங்லெம்புவிலோ குனோங் ராப்பாட்டிலோ உள்ள தாமான் வீடு என்றால் சிமெண்டுத் தரை. ஜேக்குக்கு நல்லது. ஆனால் மழைத்தண்ணீர் ஓட வேண்டுமே, அதனால் போர்ச் பெரும்பாலும் கேட்டை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள், சாலை வரைக்கும் ஓடும். அதே சரிவில்தான் உங்கள் காரும் நிற்கிறது. போர்ச்சில் டைல்ஸ் ஒட்டியிருந்தால் இன்னொரு தொல்லை. இரும்புச் சக்கரம் டைல்ஸை உடைக்கும், ஈரமாக இருந்தால் வழுக்கும். தடித்த பலகை ஒன்றை விரித்து, ஜேக் அதன்மேலேயே உருளும் அளவுக்கு இடம் விடுங்கள்.

சுங்கை சிப்புட், பீடோர் பக்கம் பழைய ரப்பர் தோட்டங்களில் இன்னும் வீடு வைத்திருப்பவர்களுக்குக் கதையே வேறு. வாசல் முழுக்கச் செம்மண். வெயிலில் சிமெண்டு மாதிரி இறுகிக் கிடக்கும், சாயங்காலம் ஒரு மழை பெய்தால் களியாகிவிடும். என் பெரியம்மா வீட்டு வாசலில் காலையில் கல் மாதிரி இருந்த இடத்தில் மறுநாள் கத்தரி ஜேக் வைத்தேன். கார் ஏறவில்லை, ஜேக்தான் மண்ணுக்குள் இறங்கியது. பெரியப்பா சிரித்துவிட்டு, உள்ளே போய் ஒரு பலகையை எடுத்து வந்தார்.

கம்பார், பத்து காஜா பக்கம் பழைய ஈய லம்பங்களின் மேல் எழுந்த இடங்களில் மணல் தரை. அது இன்னும் மோசம். மேலே புல் முளைத்து உறுதியாகத் தெரியும், ஒரு பக்கம் பாரம் ஏறினால் சரியும்.

இப்படிப்பட்ட மண்ணில் ட்ரோலி ஜேக்கை நேரடியாக வைக்கவே கூடாது. சக்கரம் புதைந்துவிடும். முடிந்தால் காரைச் சிமெண்டுத் தரைக்கு நகர்த்துங்கள். பக்கத்துச் சமூக மண்டப வாசல் ஆனாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டு செய்யுங்கள். முடியாவிட்டால் ஒரு சாண் நீள அகலத்துக்குக் குறையாத கெட்டிப் பலகையின்மேல் கத்தரி ஜேக்கை வைத்து, டயரை மட்டும் மாற்றிவிட்டு இறக்கிவிடுங்கள். செங்கல், ஓட்டை உள்ள சிமெண்டுக் கல் இரண்டும் வேண்டவே வேண்டாம். மரம் உடையும் முன் முறுகும், சத்தம் போடும். கல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

டன் கணக்கு

சுருக்கமாகச் சொன்னால், மைவி, சாகா, பெஸ்ஸா, ஆக்சியாவுக்கு 2 டன் போதும். ஒரு மூலையை மட்டும் தூக்கும்போது காரின் முழு எடையும் ஜேக்கில் ஏறுவதில்லை. இன்னோவா, ஹைலக்ஸ், பெரிய எஸ்.யூ.வி. என்றால் 3 டன். மின்சாரக் கார்கள் அதே அளவுள்ள பெட்ரோல் கார்களைவிடக் கனம். தஞ்சோங் மாலிமில் ஆலை வைத்திருக்கும் புரோட்டோன், தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7-ஐ 2024 டிசம்பரில் வெளியிட்டது. இத்தகைய கார்களில் தரைக்கு அடியில் முழுக்க பேட்டரி. ஜேக்கைத் தவறான இடத்தில் வைத்தால் நெளிவது தகடு மட்டுமல்ல.

டன்னைவிட முக்கியமான எண் 'குறைந்த உயரம்'. சாதாரண ட்ரோலி ஜேக்குகள் 13, 14 செ.மீ.யில் தொடங்கும். காரைத் தாழ்த்தியிருந்தாலோ முன்பக்கம் பாடி கிட் போட்டிருந்தாலோ 8, 9 செ.மீ.யில் தொடங்கும் ரகம் தேவைப்படும். டேப் எடுத்து அளந்துவிட்டு வாங்குங்கள். டயரில் காற்று இல்லாத நிலையில் கார் இன்னும் தாழும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஜேக் தூக்கத்தான், தாங்க அல்ல

நீங்கள் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தி படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். எண்ணெய் ஜேக்கில் காரைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் சிறு சீல் வளையங்களும் ஒரு வால்வும்தான். சீல் தேய்ந்தால் கார் மெல்ல இறங்கும், கிழிந்தால் சட்டென்று இறங்கும். யாராவது கால் தட்டி வால்வு திரும்பினாலும் அதே கதி. அதனால் ஜேக் மட்டும் பிடித்திருக்கும் காருக்கு அடியில் தலையையோ கையையோ காலையோ நுழைக்கக் கூடாது. 'ஒரு நிமிஷந்தான், நட்டு உருண்டு போயிடுச்சு' என்பதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குச்சியால் தள்ளி எடுங்கள்.

அடியில் வேலை இருந்தால் ஜேக் ஸ்டாண்ட் வேண்டும். மூன்று அல்லது நாலு கால் உள்ள இரும்புத் தாங்கி, ஜோடியாக விற்பார்கள். ஜேக்கால் தூக்கி, ஸ்டாண்டை வைத்து, காரை அதன்மேல் இறக்கிவிட வேண்டும். பிறகு காரைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும்.

ஸ்டாண்டிலும் தரம் உண்டு. அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் 2020-இல் 10 லட்சத்துக்கும் அதிகமான ஜேக் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பாரம் ஏறியிருக்கும்போது பல் நழுவிக் கீழே இறங்கும் அபாயம் இருந்தது. மாற்றாகக் கொடுத்தவற்றிலும் ஒரு ரகத்தில் வெல்டிங் குறை என்று அதே ஆண்டில் அதையும் திரும்பப் பெற்றார்கள். அதனால் எனக்குப் பிடித்தது குறுக்கே ஒரு தடித்த ஊசியைச் செருகிப் பூட்டும் ரகம். உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற முடியாது, ஆனால் அந்த ஊசி உள்ளே போய்விட்டதா என்று கண்ணால் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் ஜேக்குக்கும் ஸ்டாண்டுக்கும் சட்டப்படியே கட்டாயப் பாதுகாப்புத் தரம் இருக்கிறது. வாங்கும்போது அந்நாட்டுத் தரக் குறியீடோ ஏ.எஸ்.எம்.இ. குறியீடோ பொருளின்மேல் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. எந்தக் குறியீடும் இல்லை, எத்தனை டன் என்ற எழுத்தும் இல்லை என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஹேண்ட்பிரேக் போட்டால் போதாதா?

போதாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் மறக்காது. நம்முடைய சின்னக் கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். ஆட்டோ கியரில் 'பி' போட்டால் முன் சக்கரங்களை மட்டுமே பூட்டும். பின்பக்கம் முழுவதையும் தூக்கிவிட்டால் ஹேண்ட்பிரேக் காற்றில் தொங்கும் சக்கரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். முன்னால் ஒரு சக்கரத்தைத் தூக்கினால் 'பி'யும் பயன்படாது. தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையில் இருக்கும் மறு சக்கரம் உருளலாம். அதனால் இரண்டையும் போடுங்கள், மேன்வல் என்றால் முதல் கியர். அதோடு, தூக்கும் மூலைக்கு எதிர்மூலையில் உள்ள டயருக்கு முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள். போர்ச் சரிவாக இருந்தால் கேட்டுப் பக்கத்து ஆப்பு கெட்டியாக இருக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், வேலை முடியும்வரை அவர்களை உள்ளேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

சக்கர நட்டுகளைத் தூக்கும் முன்பே அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு நட்டோடு மல்லுக்கட்டினால் கார் ஆடும்.

ஜேக்கை எங்கே வைப்பது? காரின் பக்கவாட்டு விளிம்பில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னும் இரண்டு வெட்டுக் குறிகள் இருக்கும். கத்தரி ஜேக்கின் தலையில் உள்ள பள்ளம் அந்த விளிம்புக்காகவே செய்தது. ட்ரோலி ஜேக்கின் தலை தட்டையானது, விளிம்பை நசுக்கிவிடும். நடுவில் கோடு வெட்டிய ரப்பர் கட்டை ஒன்று சில ரிங்கிட்டுக்கு விற்கிறது, ஜேக்கோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். உங்கள் காரின் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள், ஒருமுறை பாருங்கள்.

நெடுஞ்சாலையில் இந்தப் பாடம் எதையும் பயிற்சி செய்ய வேண்டாம். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் மெனோரா சுரங்கப் பாதையை ஒட்டிய மலைச்சாலை எப்படி என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். லாரிகள் இறங்கும் வேகத்தில், அவசரப் பாதையில் குனிந்திருக்கும் ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சாலைப் பக்கத்து டயர் என்றால் இன்னும் ஆபத்து. எச்சரிக்கை விளக்கைப் போட்டு, எல்லாரும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்றுகொண்டு, பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000 எண்ணுக்கு அழையுங்கள்.

செகண்ட் ஹேண்ட் ஜேக் யாராவது கொடுத்தால்? வாங்கலாம், ஆனால் சோதித்துவிட்டு. காரின் ஒரு மூலையைத் தூக்கி, சக்கரம் தரையை விட்டு விலகியதும் அந்த இடைவெளியை அளந்து வையுங்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். இடைவெளி குறைந்திருந்தால் சீல் போய்விட்டது. எண்ணெய் குறைந்திருந்தால் ஹைட்ராலிக் ஜேக் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். வீட்டில் கிடக்கும் பிரேக் எண்ணெயை ஊற்றினால் இருக்கிற சீலும் ஊறிக் கெட்டுவிடும்.

என்னைக் கேட்டால், சிமெண்டு வாசல் உள்ள சின்னக் கார்க்காரருக்கு 2 டன் ட்ரோலி ஜேக், ஊசி போட்ட ஸ்டாண்ட் ஒரு ஜோடி, ஆப்பு இரண்டு ஜோடி, ரப்பர் கட்டை ஒன்று. செம்மண் வாசல் என்றால் அந்தப் பணத்தில் நல்ல பலகை ஒன்று வாங்கி, பூட்டில் இருக்கும் கத்தரி ஜேக்கின் திருகுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்துக்கொள்ளுங்கள். டயர் மாற்றுவதைத் தாண்டிய வேலையை ஃபோர்மேனிடம் விட்டுவிடுங்கள்.