கழுகுமலைப் பாறையில் நிற்கும் பெயர்கள்

புத்தர் குடைவரைகளைக் காண வேண்டுமென்று நம் இளைஞர் பலர் அஜந்தாவையும் எல்லோராவையும் எண்ணி ஏங்குகின்றனர். செல்லட்டும், மகிழ்வோம். ஆயின் முத்துக்குளித்துறையாம் தூத்துக்குடியிலிருந்து பேருந்திலேறிக் கோவில்பட்டி வழியாக அடையத்தக்க கழுகுமலையை முதலிற் காண்க என்போம்.

அங்குப் பாறைச் சரிவில் வரிசை வரிசையாக அமர்ந்திருப்போரைப் புத்தர் என்பாருமுண்டு. அவர்கள் புத்தரல்லர்; சமணத் தீர்த்தங்கரர். ஆடையற்ற மேனியும், தலைமேல் முக்குடையும், பார்சுவநாதர்க்குப் படம் விரித்த பாம்பும் அதனைக் காட்டும். நமக்கு உவந்த பெயரை வரலாற்றின்மேல் ஏற்றுதல் வேண்டா. உள்ளதே நமக்குப் போதும்.

உள்ளது யாது? கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில், பாண்டியர் ஆட்சியில், செதுக்கப்பெற்ற அவ்வுருவங்களின் கீழே செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. தச்சரும் குயவரும் அவருள் உளர். குரத்தியர் எனப்பெற்ற பெண் துறவியர் ஆசிரியராய் விளங்கியதும், அவர்க்கு மாணாக்கர் இருந்ததும் அவ்வெழுத்துகளால் தெரிகின்றன. பெண்டிர்க்குக் கல்வி எதற்கென்று இன்றும் கேட்பாரை அங்கு அழைத்துச் செல்லலாம்!

அக்குன்றின் அடிவாரத்திலேதான், தேரோடும் வீதியில் ஊர்வலம் செல்ல நாடார் மக்கள் கேட்ட உரிமை பற்றிய பூசல் 1895-இல் கலவரமாகி உயிர்களைக் குடித்தது. மேலே குயவர் பெயர் கல்லில் நிற்க, கீழே தெருவில் ஊர்வலம் செல்லத் தடை.

அருகே வெட்டுவான் கோயில், மேலிருந்து கீழாகக் குடையப்பெற்று, முற்றுப்பெறாமலே நிற்கின்றது. செல்வோர் காலை அல்லது மாலைச் சாய்வெயிலிற் செல்க. உச்சிப்பொழுதில் எழுத்துகள் நன்கு புலப்படா.