ஆடிட்டர் காட்டிய ஏஜென்ட்: காப்பீட்டில் பரிந்துரைக் கமிஷனின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, மார்ச் கடைசியில் அடையாறு காந்தி நகரில் எந்த ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "80சி-யில இன்னும் இடம் இருக்கு சார். ஒரு பாலிசி போட்டுடுங்க. நமக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் இருக்கார்." இப்படி ஆள் காட்டிவிடுவதற்குப் பணம் வாங்கலாமா என்பது எண்பது ஆண்டுகளுக்கும் மேலான வழக்கு.

1829-லேயே மெட்ராஸ் ஈக்விட்டபிள் ஆயுள் காப்பீட்டில் இறங்கிவிட்ட ஊர் இது. யுனைடெட் இந்தியா 1906-இல் இங்கே பிறந்தது. இன்றைய அண்ணா சாலை எல்ஐசி கட்டடம் அந்த நிறுவனத்துக்காகத் தொடங்கப்பட்டதுதான். அக்காலத்தில் தலைமை ஏஜென்ட், அவருக்குக் கீழே ஏஜென்ட் என்று கமிஷன் படிப்படியாகப் பிரிந்து போயிற்று. 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இதில் ஒரு கோடு கிழித்தது: தொழில் பிடித்துக் கொடுத்ததற்காக, சட்டம் ஏற்ற முகவர் அல்லாத எவருக்கும் 'கமிஷன் என்றோ வேறு பெயரிலோ' பணம் தரக் கூடாது. 41-ஆம் பிரிவு, வாடிக்கையாளருக்கே கமிஷனில் பங்கு தருவதைத் தடுத்தது. 1950 திருத்தம் அளவையும் குறித்தது: முதலாண்டு பிரீமியத்தில் 35 சதவீதம், அடுத்த இரண்டாண்டு ஏழரை, பிறகு ஐந்து.

முதலாண்டுக்கு அத்தனை பெரிய பங்கு வைத்ததுதான் சிக்கலின் வேர் என்பது என் முடிவு. 1956-இல் 245 நிறுவனங்கள் எல்ஐசியாக ஒன்றான பிறகும் இந்த வேர் அறுபடவில்லை. உரிமம் மனைவி பெயரில், ஆள் பிடிப்பது அலுவலகத்தில் செல்வாக்குள்ள கணவர் என்ற பினாமி ஏஜென்சி பெருகியது. ஏட்டில் எல்லாம் முறையாகவே இருந்தது.

தனியார் நிறுவனங்கள் வந்த பின் தடைக்குப் பதிலாக வாசல்கள் திறந்தன. 2003-இல் வங்கிகளின் பரிந்துரை ஏற்பாட்டுக்கு ஒழுங்குமுறை ஆணையம் வழி செய்தது. 2010-இல் வாடிக்கையாளர் பட்டியலைப் பகிரும் நிறுவனங்களுக்குத் தனி விதிமுறை வந்தது. 2017-இல் கார், பைக் டீலர்கள் முறைப்படி உள்ளே வந்தார்கள். 2023-இல் ஒவ்வொரு பாலிசிக்குமான கமிஷன் வரம்பே நீங்கி, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கான வரம்பு மட்டும் நின்றது.

ஆடிட்டருக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 1949 பட்டயக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணை, உறுப்பினர் அல்லாதவரின் தொழில் வருவாயில் பங்கு வாங்குவதை ஒழுங்கீனம் என்கிறது. ஆயுள் காப்பீட்டு ஏஜென்சியை, பழைய பாலிசிகளின் புதுப்பிப்புக் கமிஷனைப் பெறும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ள அவர்கள் கழகம் அனுமதிக்கிறது. புதிதாக ஆள் பிடிக்க அதில் இடமில்லை. காப்பீட்டுச் சட்டத்தைவிட இது கூர்மையான விதி. சட்டம் யாருக்குப் பணம் போகிறது என்று பார்க்கிறது. கழகமோ ஆலோசனை சொல்பவர் மனசாட்சி விலைபோகிறதா என்று பார்க்கிறது.

பாலிசி எடுப்பவரின் கையில் என்ன இருக்கிறது? புரபோசல் படிவத்தின் கடைசியில் பொடி எழுத்தில் 41-ஆம் பிரிவு அச்சாகியிருக்கும். மீறினால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அது அவரை எச்சரிக்கும் வரி. அவரைக் காக்கும் வரி முகவர் நடத்தை விதிகளில் இருக்கிறது: வாடிக்கையாளர் கேட்டால் கமிஷன் விகிதத்தை முகவர் சொல்லியாக வேண்டும். கேட்டால்தான். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்: உங்களுக்கு எவ்வளவு, உங்களைக் காட்டியவருக்கு எவ்வளவு?