வீட்டுக்குள் ஒரு தபாலாபீஸ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து ஃப்ளாட் மாமா கதவைத் தட்டினார். கையில் துணிப்பை. பைக்குள் டவலில் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க். பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

'புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்கேன். எந்த மெயில் புரோக்ராம் போடறது, சொல்லு' என்றார்.

இந்தக் காலத்தில் யார் சார் இதைக் கேட்கிறார்கள்? பிரவுசரைத் திறந்தோமா, ஜிமெயிலைப் பார்த்தோமா, மூடினோமா என்று போய்க்கொண்டிருக்கிற உலகம். அதைத்தான் சொன்னேன். மாமா கேட்கவில்லை. பையைச் சுட்டிக் காட்டினார்.

'இதுக்குள்ள உங்க மாமி இருக்கா.'

விஷயம் இதுதான். 1999ல் அவர் பெண் கல்யாணமாகி அமெரிக்கா போனாள். போகும் முன் அப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, யூடோரா என்றொரு மெயில் புரோக்ராமையும் போட்டுக் கொடுத்தாள். அப்போது ஐ.எஸ்.டி. என்பது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற சமாசாரம். எனவே மாமி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார், மாமா ஒற்றை விரலால் தட்டுவார். ஆங்கில எழுத்தில் தமிழ். ரசப்பொடி அளவு, பிள்ளைப்பேறு அறிவுரை, நாத்தனார் வம்பு, எல்லாம். ஏழெட்டு வருஷக் கடிதங்கள். மாமி இப்போது இல்லை. யூடோராவும் இல்லை.

சரி, இந்த யூடோரா யார்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள்.

*

1971ல் ரே டாம்லின்சன் என்கிற அமெரிக்க இன்ஜினியர், பக்கத்து பக்கத்தில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களுக்கிடையே முதல் நெட்வொர்க் மின்னஞ்சலை அனுப்பினார். ஆள் பெயரையும் கம்ப்யூட்டர் பெயரையும் பிரிக்க அந்தச் சுருட்டை 'அட்' குறியைப் பிடித்துப் போட்டவரும் அவர்தான். முதல் மெயிலில் என்ன எழுதினார்? அவருக்கே பிற்பாடு ஞாபகமில்லை. இதைவிடக் கௌரவமான ஆரம்பம் எந்தக் கண்டுபிடிப்புக்கும் கிடைத்ததில்லை!

அப்போதெல்லாம் கடிதம் வந்து சேரும் இடம் ஆபீஸிலோ யுனிவர்சிடியிலோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர். படிக்க வேண்டுமென்றால் நீங்கள்தான் அங்கே போக வேண்டும், அல்லது ஒயர் போட்டு அதனுடன் பேச வேண்டும். ஊருக்கு ஒரு தபாலாபீஸ், அதன் வாசலில் கால் கடுக்க நிற்கும் ஜனங்கள். அந்தக் கதைதான்.

1984ல் ஒரு மாற்று ஏற்பாடு எழுதப்பட்டது. பெயரே 'போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால்'. சுருக்கமாக பாப். தத்துவம் ரொம்ப சிம்பிள். பெரிய கம்ப்யூட்டர் என்பது தபாலாபீஸ் மாத்திரமே. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அங்கே போய்க் கதவைத் தட்டும், வந்திருக்கும் கடிதங்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வரும். சாதாரணமாக, எடுத்ததும் அங்கே அழித்துவிடும். கடிதம் இனி உங்கள் சொத்து. உங்கள் பொறுப்பும்கூட. இந்த இரண்டாவது வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்பாடு இருக்கிறது. ஆனால் சாமானியன் உபயோகிக்க ஒரு நல்ல புரோக்ராம் வேண்டுமே?

1988. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் என்றொரு புரோக்ராமர் உட்கார்ந்தார். ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகமான உழைப்பு. சுமார் 50,000 வரிகள் சி மொழியில். மெக்கின்டோஷ் கம்ப்யூட்டருக்கான மெயில் புரோக்ராம் ஒன்று தயாராகிவிட்டது. என்ன பெயர் வைப்பது?

மெயிலோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, தபாலாபீஸிலேயே குடியிருப்பதுபோல அவருக்கு ஆகிவிட்டிருந்தது. அப்போது எப்போதோ படித்த சிறுகதை ஒன்று நினைவுக்கு வந்தது. யூடோரா வெல்ட்டி என்கிற அமெரிக்க எழுத்தாளர் 1941ல் எழுதியது. வீட்டாரோடு சண்டை போட்டுக்கொண்டு, தான் வேலை பார்க்கும் சின்னஞ்சிறு தபாலாபீஸிலேயே போய்க் குடியேறிவிடுகிற ஒரு பெண்ணின் கதை. நான் ஏன் தபாலாபீஸில் வசிக்கிறேன் என்று அதன் தலைப்புக்கு அர்த்தம். டார்னர் அதைத் திருப்பிப் போட்டார். நீங்கள் தபாலாபீஸுக்குப் போய்க் குடியிருக்க வேண்டாம், தபாலாபீஸே நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு வரும். அதையே கோஷமாக்கி, எழுத்தாளர் பெயரையே புரோக்ராமுக்கும் வைத்துவிட்டார்.

ஒரே சங்கடம், வெல்ட்டி அம்மையார் அப்போது உயிரோடுதான் இருந்தார். கேட்காமல் வைத்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று டார்னருக்குப் பின்னால் உறுத்தியது. சம்பந்தப்பட்டவரோ விஷயம் கேள்விப்பட்டு சந்தோஷப்பட்டுச் சிரித்ததாகத்தான் தகவல்.

*

1991ல் யூடோரா கைமாறியது. லைசென்ஸ் வாங்கியது குவால்காம். டார்னரையும் பிற்பாடு வேலைக்கு எடுத்துக்கொண்டது. இந்த கம்பெனியை உங்களுக்குத் தெரியும். 2003 வாக்கில் ரிலையன்ஸ் போன் வந்து, காய்கறிக்காரர் கையிலெல்லாம் செல்போன் ஒலித்ததே, அதற்குள் இருந்த சி.டி.எம்.ஏ. தொழில்நுட்பத்துக்குச் சொந்தக்காரர்கள்.

செல்போன் கம்பெனிக்கு மெயில் புரோக்ராம் எதற்கு? நியாயமான கேள்வி. இதற்குள்தான் யூடோராவின் ஜாதகம் இருக்கிறது. அப்புறம் வருகிறேன்.

குவால்காம் புண்ணியத்தில் யூடோரா விண்டோஸுக்கும் வந்தது. தொண்ணூறுகளில் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் பரவியது. கோடிக்கணக்கானவர்களின் முதல் தபால்பெட்டி அதுதான். டயல் அப் காலத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி லைன் கிடைத்ததும் கடிதங்களை இறக்கு, லைனைத் துண்டி, நிதானமாகப் படி, பதில்களை எழுதி அடுக்கு, மறுபடி லைன் போடு, மொத்தமாக அனுப்பு. டெலிபோன் பில் பார்த்து நெஞ்சு வலி வராது.

2000ல் ஒரு வேடிக்கையும் சேர்த்தார்கள். நீங்கள் கோபமாக மெயில் எழுதினால் புரோக்ராம் மோப்பம் பிடித்து மிளகாய்ப் படம் காட்டும். வார்த்தை ஏற ஏற மிளகாயும் ஏறும். மூன்று மிளகாய் என்றால், அண்ணே, அனுப்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள் என்று அர்த்தம். இன்றைக்கு எத்தனை வாட்ஸப் குரூப்புகளுக்கு அது தேவை!

*

அப்படிப்பட்ட புரோக்ராம் எப்படிச் செத்தது?

நான் பி.காம். படித்தவன். ஒரு கடையைப் பார்த்தால், சரக்கு எப்படி என்பதற்கு முன்னால் வரவு எங்கிருந்து என்று பார்க்கத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மெயில் புரோக்ராம்களின் சரித்திரத்தையும் அந்தக் கண்ணாடி போட்டுப் பாருங்கள். சட்டென்று புரிந்துவிடும்.

யூடோரா விலைக்கு விற்ற சரக்கு. பக்கத்திலேயே, 1997ல், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 உடன் இலவச இணைப்பாக அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வந்து இறங்கியது. மறு வருஷம் விண்டோஸ் 98க்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. வீட்டோடு கொடுக்கிற அலமாரி இருக்கும்போது தனியாக எவன் அலமாரி வாங்குவான்? யூடோராவும் 2000ல், காசு கொடுத்தால் முழுசு, விளம்பரம் பார்த்தாலும் முழுசு, இரண்டும் வேண்டாமென்றால் கொஞ்சம் கம்மி என்று மூன்று வழி வைத்துப் பார்த்தது.

அடுத்த அடி பிரவுசரிலிருந்து வந்தது. 1996ல் நம்மூர் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயில் ஆரம்பித்தார்கள். எந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தும் கடிதம் படிக்கலாம். ஆனால் இடம்தான் இல்லை. 2004 ஏப்ரல் முதல் தேதி ஜிமெயில் வந்தபோது ஹாட்மெயில் கொடுத்துக்கொண்டிருந்தது வெறும் 2 எம்.பி. ஜிமெயில் கொடுத்தது 1 ஜி.பி. தேதியைப் பார்த்து ஏப்ரல் ஃபூல் என்றே பலர் நினைத்தார்கள். இல்லை. கடிதத்தை வீட்டுக்கு எடுத்து வரவேண்டிய அவசியமே அன்றோடு போச்சு. ஜனங்கள் மறுபடியும் தபாலாபீஸுக்கே குடிபோனார்கள். அங்கே வாடகை இல்லை, ஏ.சி. உண்டு.

இப்போது குவால்காமின் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். செல்போன் தொழில்நுட்பத்தில் கொட்டுகிற பணத்துக்கு முன்னால் யூடோரா சில்லறை. பெரிய கடையின் ஓரத்தில் ஒரு பெட்டிக்கடை. லாபம் குறைந்தால் முதலில் மூடப்படுவது அதுதான். 2006 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. 2007ல் விற்பனை நின்றது.

டார்னரின் ஐம்பதாயிரம் வரிகள் என்ன ஆயின? கலிஃபோர்னியாவில் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. ஐந்து வருஷம் குவால்காமோடு பேசினார்கள். 2018ல் மொத்த சோர்ஸ் கோடும் மியூசியத்துக்கு வந்து, எவரும் எடுத்துப் பார்க்கலாம், உபயோகிக்கலாம் என்று பொதுச்சொத்துபோலத் திறந்து வைக்கப்பட்டது. நல்ல சாவு.

ஜெயித்த அவுட்லுக் எக்ஸ்பிரஸாவது வாழ்ந்ததா? 2007ல் விஸ்டா வந்தபோது விண்டோஸ் மெயில் என்று பெயர் மாற்றினார்கள். 2009ல் விண்டோஸ் 7 வந்தது, உள்ளே மெயில் புரோக்ராமே இல்லை, தனியாக இறக்கிக்கொள் என்றார்கள். விண்டோஸ் 10ல் இன்னொரு 'மெயில்'. அதற்கும் 2024 கடைசியோடு பால் ஊற்றிவிட்டு புதிய அவுட்லுக்குக்கு வா என்றார்கள். இலவச அலமாரிக்காரர் பத்து வருஷத்துக்கொரு தரம் அலமாரியை மாற்றிக்கொண்டே இருப்பார். உங்கள் துணிமணியை நீங்கள்தான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

இன்னொரு அதிசயத்தையும் சொல்லிவிடுகிறேன். நியூஸிலாந்தில் டேவிட் ஹாரிஸ் என்கிற தனி மனிதர் 1990ல் பெகாசஸ் மெயில் என்றொன்றை எழுதி இலவசமாகக் கொடுத்தார். காசுக்கு என்ன வழி? புரோக்ராம் இலவசம், அதன் கையேடு விலைக்கு! 2007 ஜனவரியில் கட்டுப்படியாகவில்லை, நிறுத்துகிறேன் என்றார். உபயோகித்தவர்கள் உலகம் முழுக்கப் பதறியதில் மனம் மாறி மறுபடி தொடர்ந்தார்.

*

சரி, மாமாவின் டிஸ்குக்கு வருவோம்.

ஒரு ஒயரை மாட்டினேன். நல்லவேளை, சுழன்றது. யூடோரா ஃபோல்டரைத் தேடித் திறந்தேன். உள்ளே 'இன்', 'அவுட்' என்ற பெயர்களில் ஃபைல்கள். யூடோரா கடிதங்களை எம்பாக்ஸ் என்கிற ரொம்பப் பழைய முறையில்தான் சேமிக்கும். பூட்டு இல்லை, ரகசியம் இல்லை, ஒரு கடிதத்துக்குக் கீழே அடுத்த கடிதம் என்று வெறும் எழுத்து. யூடோராவே வேண்டாம். நோட்பேடில் திறந்தேன்.

முதலில் தேதி, முகவரிக் கசமுசாக்கள். கீழே, ஆங்கில எழுத்தில், மாமியின் குரல். பருப்பை வேகவைக்கும்போது மஞ்சள் பொடி போட மறந்துவிடாதே என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அவரைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தேன். ஏனென்றால் என்னிடம் அந்த வருஷங்கள் இல்லை. என் முதல் எடிட்டர், அவர் போன பிறகுதான் அருமை தெரிந்தது, எனக்கு எழுதிய திட்டுக் கடிதங்களை நான் வேறொரு புரோக்ராமில் சேமித்தேன். பெயர் வேண்டாம். அது தனக்கு மட்டுமே புரியும் ஒரு பாஷையில் பூட்டி வைக்கும். ஒரு நாள் ஃபைல் கெட்டது. சாவி செய்தவரும் கடையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். பேக்கப் எடுக்காதது என் தப்பும்தான். பொறுப்பு உங்களுடையது என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

ஆக, எந்த மெயில் புரோக்ராம் நல்லது என்று கேட்டால் பட்டன் அழகையும் வசதிப் பட்டியலையும் பார்க்காதீர்கள். மூன்றே கேள்விகள். என் கடிதங்களை எந்த ரூபத்தில் வைக்கிறாய்? நான் வெளியே போக நினைத்தால் மூட்டை கட்டித் தருவாயா? உனக்குச் சோறு போடுவது யார்?

மாமாவுக்கு நான் போட்டுக்கொடுத்தது தண்டர்பேர்ட். அதற்கும் ஆயுசில் ஒரு கண்டம் வந்ததுதான். 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. 2012ல் மோசில்லா, இனி இதில் பெரிதாக எதுவும் செய்யப்போவதில்லை என்று கைகழுவப் பார்த்தது. விட்டுவிட மனமில்லாதவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். 2020ல் தனி கம்பெனியாக்கி, பெரும்பாலும் உபயோகிப்பவர்கள் தரும் நன்கொடையிலேயே ஓடுகிறது. கோயில் உண்டியல் மாதிரி. கடிதங்களை வைப்பதும் அதே பழைய எம்பாக்ஸ் முறையில். நாளைக்கே அது மூடப்பட்டாலும் நோட்பேட் இருக்கிறது.

சின்னச் சில்லறை வேலைகள் செய்து மாமியின் கடிதங்களை உள்ளே கொண்டுவந்து சேர்த்தேன். ஒன்றிரண்டு அந்தக்காலத் தமிழ் ஃபான்ட்டில் வந்த கடிதங்கள் மட்டும் கொசகொசவென்று தெரிந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிவிடலாம், எழுத்து எங்கேயும் போகவில்லை. தனியாக ஒரு பென் டிரைவிலும் எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கொடுத்தேன்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஜிமெயிலில் கிடக்கும் அப்பாவின் கடிதம், முதல் வேலைக்கான ஆர்டர், சண்டை போட்ட நண்பனின் மன்னிப்பு, இவையெல்லாம் யார் வீட்டில் இருக்கின்றன என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கூகுளே 'டேக்அவுட்' என்றொரு வசதி வைத்திருக்கிறது. கேட்டால் மொத்தக் கடிதங்களையும் மூட்டை கட்டித் தரும். எந்த ரூபத்தில் தெரியுமா? எம்பாக்ஸ்!

மாமா நேற்று வந்தார். கையில் ஒரு தூக்கு. சாம்பார்.

மஞ்சள் பொடி மறக்காமல் போட்டிருந்தார்.